குழந்தையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்: எங்கள் முன்னால் இருந்த நான்கு வழிகள்

எனக்கு 22 வயதில் முதல் மேனியா வந்தது. நாலு நாள் தூக்கம் இல்லை. விடுதியில் நடுராத்திரியில் எல்லோரையும் எழுப்பி உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருந்தேனாம். அப்பா வந்து கூட்டிப்போனார். பைபோலார் என்றார்கள், தமிழில் இருமுனைக் கோளாறு: மனம் ஒரு சமயம் கட்டுக்கடங்காமல் மேலே பறக்கும், அதுதான் மேனியா; இன்னொரு சமயம் சோர்வில் விழும். சோடியம் வால்ப்ரோயேட் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கல்யாணம்வரை, குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இதை முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்று ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. கல்யாணமாகாத பெண்ணிடம் அதை எப்படிப் பேசுவது என்று தயங்கினார்களோ என்னவோ. அந்த மௌனத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்த பிறகு பார்த்த மருத்துவர், பழைய சீட்டைப் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "குழந்தை எப்பம்மா பிளான் பண்றீங்க?" என்பதுதான். அது நடந்து 14 மாதம் ஆகிறது. இந்த 14 மாதத்தில் நானும் என் கணவரும் நான்கு வழிகளைத் திரும்பத் திரும்ப எடைபோட்டோம். எனக்கு இன்னும் கர்ப்பம் இல்லை. முடிவு மட்டும் எடுத்தாகிவிட்டது. அதே கேள்வியோடு தனியாக உட்கார்ந்திருக்கும் இன்னொரு பெண்ணுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கு ராத்திரி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நாள் தள்ளிப்போய் இப்போதுதான் தெரிந்தது என்றாலும் நீங்களாக நிறுத்தாமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முதல் வழி: இருக்கிற மாத்திரையையே தொடர்வது

இது நல்ல வழியா கெட்ட வழியா என்பது எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. பொதுவாக, எந்த மருந்தும் எடுக்காத தாய்மாருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளிலும் 2, 3 பேருக்கு ஏதோ ஒரு பிறவிக் குறைபாடு இருக்கும். எதை ஒப்பிட்டாலும் அந்த 2, 3 என்ற எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். சுழியத்தோடு ஒப்பிட்டால் எல்லா மருந்தும் பயமுறுத்தும்.

வால்ப்ரோயேட் அந்த எண்ணைச் சுமார் 10க்குக் கொண்டுபோகிறது. முதுகுத்தண்டு மூடாமல் போவது, உதடு அண்ணப் பிளவு, இதயக் கோளாறு என்று பல வகை. அதைவிட எனக்குக் கலக்கம் தந்தது வேறு. வயிற்றில் இருக்கும்போது இந்த மருந்துபட்ட நூறு குழந்தைகளில் 30 முதல் 40 பேருக்கு நடை, பேச்சு, நினைவு, படிப்பு என ஏதோ ஒன்றில் பின்தங்கல் தெரிகிறது. இது எந்த ஸ்கேனிலும் தெரியாது. அதனால்தான் பிரிட்டனில் 2018லிருந்து, தகுந்த கருத்தடையும் கையெழுத்திட்ட ஒப்புதலும் இல்லாமல் குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதைத் தரக்கூடாது என்று விதி வைத்தார்கள். பிரான்ஸ் 2017லேயே பைபோலார் உள்ள கர்ப்பிணிகளுக்கு இதைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் இதே மருந்து பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. மாத்திரை அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தைப் பாருங்கள். வால்ப்ரோயேட், வால்ப்ரோயிக் அமிலம், டைவால்ப்ரோயெக்ஸ் மூன்றும் நமக்கு ஒன்றுதான். வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட இதைத் தருவார்கள்.

"நாள் தள்ளிப்போனா நிறுத்திக்கலாமே?" என்று நானும் கேட்டேன். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டு வாரத்துக்குள். வீட்டில் சோதித்துப் பார்த்து, நம்பாமல் இன்னொரு தடவை பார்த்து, மாமியாரிடம் சொல்லி, மருத்துவரிடம் நேரம் வாங்குவதற்குள் அது முடிந்திருக்கும். ஃபோலிக் ஆசிட் எல்லோருக்கும் அவசியம். வலிப்பு மருந்து வகை எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் 5 மில்லிகிராம் மாத்திரையை, கரு உண்டாவதற்கு முன்பிருந்தே எழுதுவார்கள். ஆனால் வால்ப்ரோயேட்டின் ஆபத்தை அது துடைத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆக, எனக்கு இந்த வழி முதல் நாளே மூடிவிட்டது. உங்கள் சீட்டில் இருப்பது பைபோலாருக்குத் தரும் வேறு மருந்துகளான லாமோட்ரிஜினோ குவெட்டியாபினோ என்றால் கதையே வேறு. அப்போது இதுவே நான்கில் சிறந்த வழியாக இருக்கலாம். ஒருவருக்கு வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தைக் காரணமில்லாமல் மாற்றுவதும் ஆபத்துதான்.

(கணவர் வால்ப்ரோயேட் எடுப்பவர் என்றால் அவரும் மருத்துவரிடம் பேச வேண்டும். கரு உண்டாவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் தந்தை எடுத்திருந்தாலும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று 2024ல் ஐரோப்பிய மருந்து முகமை முன்னெச்சரிக்கை செய்தது.)

இரண்டாவது வழி: எல்லாவற்றையும் நிறுத்துவது

வீட்டில் எல்லோருக்கும் பிடித்த வழி இதுதான். "குழந்தைக்காக ஒரு வருஷம் பொறுத்துக்கக் கூடாதா?" என்று என் அத்தை கேட்டார். பாசத்தில்தான் கேட்டார். மருந்தில்லாத கர்ப்பம் சுத்தமான கர்ப்பம் என்று நம்மில் பலர் மனதார நம்புகிறோம்.

இந்த வழியை நான் ஒருமுறை பார்த்துவிட்டேன். கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாத்திரை அட்டை யார் கண்ணிலும் படக்கூடாது என்று வீட்டில் சொன்னார்கள். நானும் ஒரே நாளில் நிறுத்தினேன். ஐந்தாவது வாரம் மறுபடி மேனியா. அந்த வரன் போனது பெரிய விஷயமில்லை. அந்த முறை ஆஸ்பத்திரியில் 19 நாள் இருந்தேன். எனக்குப் போட்ட ஊசிகளையும் மாத்திரைகளையும் பிறகு டிஸ்சார்ஜ் சீட்டில் எண்ணிப் பார்த்தேன்: ஐந்து வகை. அப்போது நான் கர்ப்பமாக இருந்திருந்தால் அந்த ஐந்தும் குழந்தைக்கும் போயிருக்கும். அதோடு தூங்காத, சாப்பிடாத, எங்கேயோ ஓடப்பார்க்கும் ஒரு தாயின் உடம்பும் அதற்குக் கிடைத்திருக்கும். மருந்தை நிறுத்தினால் குழந்தைக்கு மருந்தே போகாது என்ற கணக்கு, நோய் திரும்பாமல் இருந்தால் மட்டும்தான் சரி.

திரும்புமா? 2007ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பைபோலார் உள்ள 89 பெண்களைக் கர்ப்பகாலம் முழுக்கக் கவனித்தார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களில் சுமார் 86 பேருக்கு. திடீரென்று நிறுத்தியவர்களுக்கு, மெல்லக் குறைத்து நிறுத்தியவர்களைவிடப் பல மடங்கு வேகமாகத் திரும்பியது. சிறிய ஆய்வுதான், சிறப்பு மருத்துவமனைகளைத் தேடி வந்த, நோய் கடுமையான பெண்கள்தான். இருந்தாலும் என் ஐந்து வாரத்துக்கு அந்த எண்கள் அந்நியமாகத் தெரியவில்லை.

அப்புறம் பிரசவம். பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு, அதாவது நிஜம் எது என்றே தெரியாமல் போகும் கடுமையான நிலை, ஆங்கிலத்தில் போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ் என்பார்கள், பொதுவாக ஆயிரம் தாய்மாரில் ஒன்றிரண்டு பேருக்கு வரும். மேனியா வந்த பைபோலார் பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். மருந்தில்லாமல் பத்து மாதம் பல்லைக் கடித்துத் தாண்டினாலும் அந்த இரண்டு வாரத்தை வெறுங்கையோடு எதிர்கொள்ள எனக்குத் துணிவில்லை.

இந்த வழி யாருக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு முறை லேசாக வந்து, பல ஆண்டு நலமாக இருப்பவர்களுக்கு மருத்துவரே மாதக்கணக்கில் மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதுவும் கருத்தடையை விடுவதற்கு முன்பே செய்து, நிறுத்திய பிறகு எப்படி இருக்கிறோம் என்று சில மாதம் பார்த்துவிட்டுத்தான்.

மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே கேள்வி வரும். 2006ல் வந்த ஆய்வில், கர்ப்பத்தில் மாத்திரையை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 68 பேருக்கு நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 26 பேருக்கு. செர்ட்ராலின் போன்றவை குறைபாட்டு எண்ணைப் பெரிதாகக் கூட்டுவதில்லை; பராக்ஸெடினை மட்டும் இதயக் கோளாறு பயத்தால் தவிர்க்கப் பார்ப்பார்கள். பிறந்த குழந்தை சில நாள் நடுக்கமாக, சிடுசிடுப்பாக இருக்கலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

மூன்றாவது வழி: முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் நிறுத்துவது

கேட்க நியாயமாக இருக்கும். உறுப்புகள் உருவாகும் காலத்தை மட்டும் தாண்டிவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமே என்று. ஆனால் கரு எந்த மாதம் தங்கும் என்று யாருக்குத் தெரியும்? முதல் மாதமே தங்கினால் சரி. எட்டு மாதம் ஆனால் எட்டும் மூன்றும் பதினொரு மாதம் மருந்தில்லாமல் இருக்க வேண்டும். லித்தியம் என்ற இன்னொரு பைபோலார் மருந்தில் சிலர் இப்படிச் செய்கிறார்கள், கரு தெரிந்த அன்றே மருத்துவரைப் பார்த்து. நெடுநாள் நிலையாக இருப்பவர்களுக்கு அது ஒத்துவரலாம். ஐந்து வாரத்தில் விழுந்தவள் நான், எனக்கு ஒத்துவராது.

நான்காவது வழி: முன்கூட்டியே மாற்றிக்கொண்டு, நிலைத்த பிறகு கருத்தரிப்பது

நாங்கள் எடுத்தது இதைத்தான். இதற்கு விலை நேரம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் "விசேஷம் இல்லையா" என்று கேட்கும் ஊரில் இன்னொரு வருஷம் காத்திருப்பது சின்ன விஷயமில்லை. கேட்பவர்களிடம் என் கணவர் "நாங்கதான் தள்ளிப் போட்டிருக்கோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு பலம் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாது.

எதற்கு மாற்றுவது என்பதில் மூன்று மருந்துகள் எங்கள் முன் இருந்தன.

லாமோட்ரிஜின்: குறைபாட்டு எண் பொதுவான 2, 3 என்ற அளவிலேயே நிற்கிறது. கர்ப்பத்துக்கு ஏற்றது என்று பார்த்தால் இதற்குத்தான் முதல் இடம். ஆனால் இது சோர்வின் பக்கம் விழாமல் தாங்கும் மருந்து. மேனியாவுக்கு அவ்வளவு வலுவான அணை கிடையாது. என் நோய் மேலே பறக்கும் வகை. மேலும் தோலில் கடும் ஒவ்வாமை வராதிருக்க இதை வாரக்கணக்கில் சிறுகச் சிறுக ஏற்ற வேண்டும். வால்ப்ரோயேட் உடம்பில் இருந்தால் இன்னும் மெதுவாக. கர்ப்பத்தில் ரத்தத்தில் இதன் அளவு வெகுவாக இறங்கும், அதனால் அளவைக் கூட்டுவார்கள். பிரசவமானதும் மறுபடி குறைக்க வேண்டும். சோர்வுதான் உங்கள் முக்கியப் பிரச்சினை என்றால் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

குவெட்டியாபின்: மேனியா, சோர்வு இரண்டுக்கும் பயன்படும். பிறவிக் குறைபாடு பெரிதாகக் கூடுவதாகத் தெரியவில்லை. நான் இதைத்தான் முதலில் எடுத்தேன். மூன்று மாதத்தில் ஏழு கிலோ கூடினேன். காலையில் பத்து மணிவரை தலை தெளியாது. என் அம்மாவுக்கும் பாட்டிக்கும் சர்க்கரை. கர்ப்ப காலச் சர்க்கரை எனக்கு வர ஏற்கெனவே வாய்ப்பு அதிகம், இந்த மருந்து அதைக் கூட்டும். அதனால் விட்டோம். அந்தக் குடும்ப வரலாறு இல்லாத ஒருவருக்கு இதுவே எளிதான தேர்வாக இருக்கும் என்று நினைக்கிறேன், ரத்தப் பரிசோதனைத் தொல்லை இதில் அவ்வளவு கிடையாது.

மேனியாவுக்குத் தரும் இன்னொரு மருந்தான ரிஸ்பெரிடோன் பற்றி ஒரு வார்த்தை. அது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டி மாதவிடாயையே நிறுத்திவிடலாம். அதிலிருந்து வேறு மருந்துக்கு மாறும்போது கருத்தரிக்கும் திறன் திடீரென்று திரும்பும். "எனக்குத்தான் பீரியட்ஸே வர்றதில்லையே" என்று கருத்தடை இல்லாமல் இருப்பவர்கள் அப்போது கவனமாக இருக்க வேண்டும். மருந்து மாறும் காலம் முழுக்க யாருக்குமே கருத்தடை தேவை. கார்பமாஸெபின் என்ற வலிப்பு மருந்து கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும்; ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவைக் குறைக்கும். காப்பர் டி இந்த மருந்துகளில் எதோடும் மோதாது.

லித்தியம்: பெயரைக் கேட்டதும் நான் மறுத்தேன். லித்தியத்தால் குழந்தையின் இதயத்தில் வலப்பக்க வால்வு கீழிறங்கி அமையும் எப்ஸ்டீன் கோளாறு வரும் என்று எங்கோ படித்திருந்தேன். 1970களில் எழுந்த பயம் அது. 2017ல் அமெரிக்காவில் 13 லட்சம் கர்ப்பங்களின் பதிவுகளை ஆராய்ந்து பார்த்தபோது பழைய பயம் மிகை என்று தெரிந்தது. லித்தியம் எடுக்காத தாய்மாரின் நூறு குழந்தைகளில் 1.15 பேருக்கு இதயக் கோளாறு, எடுத்தவர்களில் 2.41. முக்கியமானது, ஆபத்து அளவைப் பொறுத்திருந்தது. நாளுக்கு 600 மில்லிகிராமும் அதற்குக் குறைவும் என்றால் கூடுதல் மிகச் சொற்பம். 900க்கு மேல் போனால் மூன்று மடங்கு. எனக்கு 600லேயே ரத்தத்தில் லித்தியம் போதுமான அளவான 0.6 என்று நின்றுவிட்டது. இந்த ஓர் எண்தான் எங்கள் முடிவைத் தீர்மானித்தது. 1,200 தேவைப்பட்டிருந்தால் வேறு முடிவு எடுத்திருப்போம்.

லித்தியத்தின் தொல்லைகள் நிஜமானவை. கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் ரத்த அளவு இறங்கும். அதனால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை, 36வது வாரத்திலிருந்து வாராவாரம். தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனை தனி. குழந்தையின் இதயத்தை மட்டும் பார்க்கும் ஸ்கேன் ஒன்று. வலி எடுத்ததும் மருந்தை நிறுத்தி, அளவைப் பார்த்து, பிறகு மீண்டும் தொடங்க வேண்டும் என்பதால் பிரசவம் வசதியுள்ள மருத்துவமனையில்தான். தாய்ப்பால் வேண்டாம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள், பாலில் லித்தியம் கணிசமாகப் போகும் என்பதால். இதை ஏற்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. புட்டிப்பால் என்றால் ராத்திரி கணவரோ அம்மாவோ எழுந்து கொடுக்கலாம், நான் ஆறு மணி நேரம் தூங்கலாம். தூக்கம் கெட்டால்தான் எனக்கு மேனியா தொடங்கும் என்பதால் அந்த ஆறு மணி நேரம் மருந்துக்குச் சமம். அப்படி நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தாய்வீடும் பத்தியமும்

எந்த வழியை எடுத்தாலும் நம் ஊரில் இதை யோசித்தாக வேண்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்போது மருத்துவர் மாறுகிறார், ஊர் மாறுகிறது, மாத்திரையைக் கவனிக்கும் ஆள் மாறுகிறார். மேலும் கீழும் ஆடக்கூடிய மிக ஆபத்தான மாதங்களில் இவை எல்லாம் ஒன்றாக மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மா இருப்பது கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். அங்கே லித்தியம் அளவு பார்க்கும் லேப் கிடையாது. அதனால் வளைகாப்பு அங்கே, பிரசவம் இங்கே, அம்மா மூன்று மாதம் இங்கே வந்து தங்குவது என்று பேசி முடித்திருக்கிறோம்.

லித்தியம் எடுப்பவர்களுக்குப் பிரசவப் பத்தியம் நேரடி ஆபத்து. எங்கள் பக்கம் பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள், உப்பையும் குறைப்பார்கள். உடம்பில் தண்ணீரோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு நச்சாகும்வரை ஏறலாம். மசக்கை வாந்தியில் உடம்பு வறண்டாலும் இதேதான். சிசேரியன் வலிக்கு வழக்கமாகத் தரும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் இரண்டும் அளவை ஏற்றும், பாரசிட்டமால் ஏற்றாது. கை அதிகமாக நடுங்குவது, வயிற்றுப்போக்கு, நாக்குழறல், நடை தள்ளாடுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

இன்னொரு பயம் எனக்கு உள்ளூர இருந்தது: நோய் வந்து என்னைச் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவமனையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்கிறது; தாயால் குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் குழந்தையும் சேர்ந்தே தங்கும் வார்டு 2009லிருந்து இருக்கிறது. நான் நலமாக இருக்கும்போதே, நோய் வந்தால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், யார் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதி வைக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. அதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவசரத்துக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐக் கணவரும் அம்மாவும் போனில் பதிந்து வைத்திருக்கிறார்கள்.

லித்தியத்தில் நான் நிலையாக இருந்து எட்டு மாதம் ஆகிறது. ஃபோலிக் ஆசிட் தொடங்கிவிட்டேன். அடுத்த ரத்த அளவும் சரியாக இருந்தால் காப்பர் டியை எடுத்துவிடலாம் என்று மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் போன் வந்தது.

"எல்லாம் சரிடி. புள்ள பொறந்தா ஒரு நாளைக்கு உனக்கு எத்தனை சொம்பு தண்ணி கொடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டு, பெரிய எழுத்தா எழுதி அனுப்பு. உங்க பெரியம்மா வந்து ஏதாச்சும் சொன்னா நான் காட்டணும்."